விதைக்கு எடுக்காத நெல்

விண்ணப்பத் தாளில் ஒரு கட்டம் இருந்தது. 'முன்பு ஆடிய கிளப்' என்று போட்டிருந்தது. பையன் பேனாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இதுல என்னா எழுத?"

பதிமூன்று வயது. கூத்தாநல்லூருக்கு வெளியே வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கிற எங்கள் தெருவைத் தாண்டி அவன் எந்த கிளப்பிலும் ஆடியதில்லை. மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரசில், முன்பதிவு இல்லாத பெட்டியில், கழிவறைப் பக்கம் உட்கார்ந்து விடிய விடிய சென்னைக்கு வந்திருந்தோம். அங்கே ஒரு தனியார் கால்பந்துப் பயிற்சி நிலையத்தில் ஆள் தேர்வு. தேர்வில் கலந்துகொள்ளக் கட்டணம் ஐந்நூறு ரூபாய். அவன் அம்மாவின் இரண்டு நாள் நடவுக் கூலி அது. கொடுத்தாச்சு. இப்போது இந்தக் கட்டம்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இரண்டு கிளப் பெயர் எழுதிவிட்டு மூன்றாவதுக்கு இடம் போதாமல் தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினான். எங்கள் பையன் கட்டத்தைக் காலியாக விட்டான்.

அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு பிள்ளையை ஆட்டக்காரனாக ஆக்கியது யார்? அந்தத் திறமை யாருக்குச் சொந்தம்? பன்னிரண்டு, பதிமூன்று வயதில் 'நீ வா, நீ போ' என்று பிரிக்கிற உரிமை எங்கிருந்து வருகிறது? எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்பார்கள். பந்து உதைத்துத் தோற்றவன் என்கிற தகுதி எனக்கு உண்டு. அது போதும்.

முதலில் எங்கள் மைதானத்தைச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் வெறும் நிலம் என்று ஒன்று கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அதில் எங்களுக்கு ஒரு குழிகூட இல்லை. தையில் சம்பா அறுப்பு முடிந்தாலும் உடனே இறங்க முடியாது. அறுப்புக்கு முன்னாலேயே உளுந்தைத் தெளித்திருப்பார்கள், தாளுக்கு நடுவே அது முளைத்துக் கிடக்கும். உளுந்து பிடுங்கின பிறகு சித்திரை, வைகாசிதான் எங்களுக்கு. தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். தாள் காலைக் குத்தும். அதில்தான் ஆடினோம். ஆனி வந்து மேட்டூரைத் திறந்தால் எங்கள் மைதானத்தை மூடிவிடுவார்கள். அப்புறம் நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களம். அதிலும் கொள்முதல் மூட்டை அடுக்கிவிட்டால் இடம் இல்லை.

இன்னொன்று. மேல்நிலைப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போக வேண்டுமானால் ஊர்த்தெரு வழியாகப் போகணும். நான் சிறுவனாக இருந்தபோது அந்தத் தெருவில் பந்தைத் தட்டிக்கொண்டு போகக்கூடாது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகணும். யாரும் சட்டம் போட்டு எழுதி வைக்கவில்லை. ஒருதரம் தட்டிக்கொண்டு போனேன். திண்ணையில் இருந்தவர், "என்னடா, பந்தெல்லாம் உருளுது?" என்றார். அவ்வளவுதான். என் தாத்தா அதே தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர். எனக்குப் பந்து.

'பந்துக்குச் சாதி தெரியாது' என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பந்துக்குத் தெரியாது, சரி. பந்து உருள்கிற தரை யாருடையது என்று கேளுங்கள்.

கூத்தாநல்லூர் டவுனுக்குள் வேறு மாதிரி. சபுராளிகள் சிங்கப்பூர், மலேசியாவுக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய ஊர், 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயர். அங்கே கால்பந்துப் பித்து உண்டு. எனக்குப் பதினைந்து வயதில், ஒரு போட்டிக்கு ஆள் குறைகிறது என்று எங்கள் தெருவிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். ஆட்டம் முடிந்து சோறு. சகனில் வைத்தார்கள். நாலு பேருக்கு ஒரு தட்டு. நான் எட்டி நின்றேன். எங்கள் பக்கத்து ஊர்களில் டீக்கடையில் தனிக் கிளாஸ் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒரே தட்டு என்றால் பயம்தானே வரும். கூட ஆடிய பையன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். "சோறு ஆறுது, வாங்கடா." அந்தத் தட்டை நான் மறக்கவில்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லணும். நாங்கள் கூப்பிட்டால் போகிற ஆட்கள். கோப்பையில் பொறித்த பெயர் எங்கள் தெருவின் பெயர் இல்லை. தட்டில் சமம் வந்தாலும் தாளில், பதிவில் சமம் வருவது வேறு விஷயம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. சென்னையில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

இப்போது இந்தப் பாதைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளை தொழில்முறை ஆட்டக்காரன் ஆவதற்கு இன்றைக்கு நாலு வழி தெரிகிறது.

ஒன்று, காசு கட்டுகிற கிளப். மாதக் கட்டணம், பூட்ஸ், சீருடை, வெளியூர்ப் போட்டிக்குப் பயணச் செலவு. அங்கிருந்து அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் இளையோர் லீக். அங்கே கண்ணில் பட்டால் 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். கிளப்புகளின் இளையோர் அணி. இரண்டு, முழுச் செலவையும் ஏற்று, தங்கவைத்துப் படிக்கவும் வைக்கிற பெரிய நிறுவனங்கள். ஜாம்ஷெட்பூரில் 1987இல் தொடங்கிய டாடா கால்பந்து அகாதமி, நவி மும்பையில் 2015இல் தொடங்கிய ரிலையன்ஸ் அறக்கட்டளையின் அகாதமி. காசு வேண்டாம், ஆனால் நாடு முழுக்கச் சல்லடை போட்டு எடுக்கிற சில பேருக்குத்தான் இடம். மூன்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். சோறும் படிப்பும் பயிற்சியும் அரசாங்கச் செலவு. நான்கு, வியாசர்பாடி மாதிரி, சேரி ஜனங்களே நடத்துகிற பயிற்சி.

உலகம் முழுக்கவும் இதே கதைதான். இங்கிலாந்தில் 2012இல் ஒரு திட்டம் கொண்டுவந்து அகாதமிகளை நாலு தரமாகப் பிரித்தார்கள். நாலு என்கிற எண் நமக்குப் புதுசு இல்லை. அங்கே ஒன்பது வயதில் சேருகிற பிள்ளைகளில் ஆகப் பெரும்பாலோர் ஒருநாளும் தொழில்முறை ஆட்டம் ஆடுவதில்லை. வளர்ந்த பிறகு ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் நடுத்தர வர்க்கம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் பிள்ளைகளை கிளப்பில் சேர்க்கிறது. அங்கே 2007இல் தொடங்கிய தேசிய அகாதமி லீக்கை 2020இல் மூடினார்கள், அந்த இடத்தில் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் என்று ஒன்று வந்தது. எந்த லீக் உசத்தி, எந்த கிளப்பிலிருந்து கதவு சீக்கிரம் திறக்கும் என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் போட முடிந்தவர்களுக்குள் நடக்கிற போட்டி அது. காசில்லாத பிள்ளை அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

'திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது' என்பார்கள். உடனே ஐ.எம். விஜயனைக் காட்டுவார்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஏழைப் பையன். கேரளப் போலீஸ் அணி எடுத்துக்கொண்டது. இந்திய அணிக்குத் தலைவர் ஆனார், 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உண்மைதான். நானும் அவரை நினைத்துக்கொண்டுதான் தாளில் ஓடினேன். ஆனால் விஜயனை நம்மிடம் காட்டுகிறவர்களைக் கவனியுங்கள். 'நீயும் விஜயனாக இரு, வழி கிடைக்கும்' என்கிறார்கள். அதாவது எங்கள் பிள்ளை உள்ளே வரணும் என்றால் மேதையாக இருக்கணும். காசு கட்டுகிற பிள்ளை சுமாராக ஆடினாலும் நாலு வருஷம் பெஞ்சில் உட்காரலாம், மெதுவாகத் தேறலாம், தேறாமலும் போகலாம். எங்கள் பையனுக்குச் சென்னையில் கிடைத்தது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு தடவைதான் பந்து அவன் காலுக்கு வந்தது.

ஏகலைவன் கதையையும் நாம் இந்த மாதிரியே படித்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். கட்டைவிரலுக்காக அழுகிறோம், சரி. ஏகலைவன் வில்லில் கெட்டிக்காரன், அதனால் அவனுக்கு நடந்தது அநியாயம் என்கிறோம். அவன் தெருவில் சுமாராக வில் விட்டவன் ஒருவன் இருந்திருப்பானே, அவனைத் துரோணர் வாசலிலேயே திருப்பி அனுப்பியது அநியாயம் இல்லையா? கௌரவர் நூறு பேரில் எத்தனை பேர் சுமார்? அவர்களுக்குக் குரு கிடைத்தாரே.

மேதைக்கு மட்டும் கதவைத் திறப்பது சமத்துவம் ஆகாது. மேதையானாலும் முழுக்கத் திறப்பதில்லை என்பதற்குப் பல்வங்கர் பாலூ சாட்சி. சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலை பார்த்துப் பந்து வீசப் பழகியவர். இந்துக்களின் அணிக்கு ஆடும்போது அவருக்குத் தேநீர் வெளியே, மண்குவளையில். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அப்படியும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, பேச விடாததால் தாமே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் இந்தக் கேள்வியைத்தான் கிளறுகிறார். ஒரு மனிதனின் ஆற்றலை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்கிறார்: உடம்பால் வந்தது, சமூகம் கொடுத்து வளர்த்தது, அவன் சொந்த முயற்சி. முயற்சியில் வித்தியாசம் இருந்தால் அதற்கேற்ப நடத்துவது ஒருவேளை நியாயம். முதல் இரண்டிலும் உள்ள வித்தியாசத்தை வைத்து நடத்தினால், பிறப்பும் வளர்ப்பும் பணமும் உள்ளவன்தான் எப்போதும் ஜெயிப்பான். அப்படி நடக்கிற தேர்வில் வல்லவன் வரமாட்டான், வசதியுள்ளவன்தான் வருவான் என்பது அவர் வாதம். கிட்டத்தட்டத் தொண்ணூறு வருஷமாகிறது. சென்னையில் அந்த மைதானத்து வேலியோரம் நின்றபோது எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பயிற்சியாளர் கெட்டவர் இல்லை. யாரையும் சாதி கேட்கவில்லை. பந்தை வாங்குகிற பாங்கு, புல்தரையில் திரும்புகிற வேகம், இதைத்தான் பார்த்தார். புல்தரையில் எங்கள் பையன் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கால் வைத்தான்.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆட்டத்துக்குப் பதினோரு பேர்தான். எல்லாரையும் ஆடவைக்க முடியாது. யாராவது தேர்ந்தெடுக்கத்தானே வேணும்?

வேணும். தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் அம்மா களத்தில் விதைநெல் எடுப்பாள். கண்டுமுதலில் நல்ல மணியாகப் பார்த்து ஒதுக்குவாள். அதற்காக மீதியை யாரும் வாய்க்காலில் கொட்டுவதில்லை. விதைக்கு எடுக்காத நெல் பதர் இல்லை. அதுதான் சோறு. தேர்வு நியாயமா என்பதை யாரை எடுத்தார்கள் என்பதை வைத்து மட்டும் அளக்க முடியாது, எடுக்காதவர்களை என்ன செய்தார்கள் என்பதை வைத்தும் அளக்கணும். அகாதமிகள் பிள்ளைகளைத் தூற்றுகின்றன. காற்றில் போனதெல்லாம் பதர் என்று விட்டுவிடுகின்றன. பதிமூன்று வயதுப் பிள்ளை பதரா நெல்லா என்று அந்த வயதில் யாருக்கும் தெரியாது. ஜனவரியில் பிறந்த பிள்ளை அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன், அதனால் கொஞ்சம் உயரம், கொஞ்சம் பலம். பல நாட்டு இளையோர் அணிகளில் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். திறமை என்று நாம் எடுப்பதில் கொஞ்சம் பிறந்த தேதியும் கலந்திருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து அந்த நாலு வழியையும் பார்த்தால் எனக்கு அரசாங்க விடுதியும் வியாசர்பாடியும்தான் மேல் என்று படுகிறது. விடுதியில் குறை இல்லை என்று சொல்லவில்லை. பதினாலு வயதில் அங்கே நடந்த தேர்வில் என்னையே கழித்துக்கட்டினார்கள். ஆனாலும் விடுதிப் பிள்ளை ஆட்டக்காரன் ஆகாவிட்டாலும் பன்னிரண்டாவது முடிக்கிறான். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கான மூன்று சத ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் தெருவில் பந்து என்றால் போலீஸ், ரயில்வே, வேலை என்றுதான் அர்த்தம். கடலூர் மாவட்டத்திலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார். ஐ.எஸ்.எல். காட்டுகிற பணம் பெரிசுதான். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் நடையைக் கட்டணும். 2025 செப்டம்பரில் தொடங்க வேண்டிய சீசன், நடத்துகிறவர்களுக்குள் ஒப்பந்தத் தகராறில் மாதக்கணக்கில் தள்ளிப்போனது, சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்திவைத்தன. மாச முடிவில் சம்பளம் வருமா என்கிற கேள்வி நம்ம ஜனங்களுக்கு விளையாட்டு இல்லை.

வியாசர்பாடியில் நடப்பது வேறு. இருபது வருஷத்துக்கு மேலாக முல்லை நகர் மைதானத்தில் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பந்தும் படிப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தனபால் கணேஷ் அந்தப் பகுதியின் பிள்ளை, 2017-18இல் சென்னையின் அணி பட்டம் வென்றபோது அதில் ஆடியவர். வடசென்னையிலிருந்து போன நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக அடித்த ஒரே கோல் கல்கத்தாவையே குலுக்கியது. ஆனால் அந்த மைதானத்தின் பெருமை இந்த இரண்டு பெயரில் மட்டும் இல்லை. பெயர் தெரியாமல் பள்ளிக்கூடத்தை விடாமல் முடித்த பிள்ளைகளிடமும் இருக்கிறது. விதையும் எடுத்தார்கள், சோறும் ஆக்கினார்கள்.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். அது வெறும் சம்பிரதாயம் இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ஆட்டக்காரர் காசுக்கு நாடு விட்டு நாடு கிளப் மாறினால், அந்தத் தொகையில் ஐந்து சதத்தை, அவரைப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்துமூன்று வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. நல்ல விதி. ஒருவன் தனியாக ஆட்டக்காரன் ஆவதில்லை, அவனை வளர்த்த கைகளுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் பங்கு பதிவு செய்த கிளப்புக்குத்தான். பதிவு இல்லாத தெருவுக்கு இல்லை. அவனுக்குப் பழைய பூட்ஸ் வாங்கிக்கொடுத்த அண்ணன், பந்துக்குப் பஞ்சர் ஒட்டிய சைக்கிள் கடைக்காரர், ஐந்நூறு ரூபாய் கொடுத்த அம்மா, யாரும் அந்தக் கட்டத்தில் இல்லை.

இது நமக்குப் பழைய கதை. உழுதவன், நட்டவள், அறுத்தவள் பெயர் பட்டாவில் இருந்ததில்லை. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதற்குத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். விளைச்சலில் பங்கு கேட்க முதலில் நீ விளைவித்தாய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காலிக் கட்டம் அந்த ஒப்புதலை மறுக்கிறது. அதில் ஒன்றும் எழுதாமல் விட்டபோது நானும் சேர்ந்துதான் மறுத்தேன். அது எனக்கு உறைக்கச் சில நாள் ஆனது.

பையனை எடுக்கவில்லை. திரும்பி வரும்போது விழுப்புரம் வரை பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "அண்ணே, நான் நல்லா ஆடலயா, இல்ல அவங்க பாக்கலயா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 'அவங்க பாக்கல' என்று சொன்னால் அவன் முயற்சியை நான் பறிக்கிறேன். 'நீ நல்லா ஆடல' என்றால் அந்தப் பத்து நிமிஷத்தை நியாயப்படுத்துகிறேன். "ரெண்டும்தான்டா" என்றேன். "நீ இன்னும் பழகணும். அவங்களும் இன்னும் பாக்கப் பழகணும்." அவனுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

ஊருக்கு வந்ததும் தெருவில் கூட்டம் போட்டோம். எங்கள் அணியை மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் முறையாகப் பதிவு செய்வது என்று முடிவு. அடுத்த முறை எந்தப் பிள்ளை போனாலும் அந்தக் கட்டத்தில் எங்கள் தெருவின் பெயர் இருக்கணும். பெயர் என்ன வைப்பது என்று சண்டை. அண்ணல் பெயர் என்று பாதிப்பேர், விஜயன் பெயர் என்று பாதிப்பேர். அப்போது பின்னால் இருந்த பத்தாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி எழுந்தாள்.

"பேரு எது வேணா வைங்க சித்தப்பா. எங்கள எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

யாரும் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பொண்ணையாவது தாளில் இறங்கி ஆடு என்று நான் கூப்பிட்டதில்லை. சித்திரையில் அவர்கள் வரப்பில் உட்கார்ந்து எங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். 2018இல் தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு வென்றது என்று பெருமையாக மேடையில் பேசியவனும் நான்தான். அகாதமிக்காரரை எந்தத் தராசில் நிறுத்தேனோ அதே தராசில் என்னை நிறுத்த அவளுக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

இப்போது பதிவுத் தாளில் இரண்டு அணி எழுதியிருக்கிறோம். பெயர் எங்கள் தெருவின் பெயர். 'மைதானம்' என்று அதிலும் ஒரு கட்டம் இருக்கிறது. வயலில் இப்போது முழங்கால் அளவு தண்ணீர், நடவு நடக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. தெருவுக்கு ஒரு புறம்போக்கு நிலம் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனுவில் முதல் கையெழுத்து அந்தப் பொண்ணு போட்டது. இரண்டாவது அந்தப் பையன்.